கினிகத்தேனையில் கொதிக்கும் கன்டர்: பழுது பார்ப்பதா, எஞ்சினை மாற்றுவதா, விற்றுவிடுவதா?

மாமாவின் கன்டர் லொறி கித்துல்கல வரைக்கும் ஒரு குறையும் காட்டாது. புறக்கோட்டையில் அரிசியும் பருப்பும் சீனியும் ஏற்றிக்கொண்டு விடிய மூன்று மணிக்கு ஹட்டனுக்குப் புறப்பட்டால் அவிசாவளையில் பிளேன்டீ, கித்துல்கலயில் விடியல். அதைத் தாண்டி ஏற்றம் பிடித்தவுடன் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்குவார். பக்கக் கண்ணாடியில் பாதை தெரியாது, கறுப்புப் புகைதான் தெரியும். கினிகத்தேனையை நெருங்கும்போது சூட்டு முள் சிவப்பில் நிற்கும். கிளீனர் தம்பி யாரும் சொல்லாமலே தண்ணீர்க் கேனோடு இறங்குவான்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. லொறி மிட்சுபிஷி கன்டர், 4டி33 எஞ்சின், 4,214 சிசி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. கிலோமீட்டர் மீட்டர் எந்தக் காலத்திலோ நின்றுபோய்விட்டது. புகைப் பரிசோதனைக்கு நாள் நெருங்கியபோதுதான் ஒரு முடிவெடுக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு யோசனை. கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ், “பிஸ்டன் ரிங் போயிட்டுது, எஞ்சினை இறக்கத்தான் வேணும்” என்றார். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர் ஒருவர், ஜப்பான் எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது, இரண்டு நாளில் பூட்டிவிடலாம் என்றார். மச்சான், “மாமா, வித்துட்டு வேற ஒண்டு எடுங்க” என்றான். மாமாவுக்கோ ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பார்த்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை.

லொறிக் கணக்கு எழுதுகிறவன் நான். நான்கு யோசனைகளையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் செலவைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, இந்த நான்கையும் விலையை வைத்து ஒப்பிடவே முடியாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்கான மருந்து. புகையால் சூடு வந்ததா, சூட்டால் புகை வந்ததா என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது சூதாட்டம்தான்.

இரண்டு பக்கமும் நடக்கக்கூடியது. டீசல் பம்ப் அதிகம் டீசல் கொடுத்தாலோ, டீசல் பீச்சும் நேரம் (டைமிங்) பிந்தி நின்றாலோ, எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் சைலன்சர் பக்கமாக எரிந்துபோகும். அந்த வெப்பம் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டிலும் தண்ணீரிலும் ஏறும். இது புகை பெற்ற சூடு. மறுபக்கம், ரேடியேட்டர் அடைத்து எஞ்சின் பலமுறை கொதித்தால் ரிங் தன் இறுக்கத்தை இழக்கும், ஹெட் வளையும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் எரியும். அப்புறம் நீலமும் வெள்ளையுமாகப் புகை வரும். இது சூடு பெற்ற புகை. எது முதலில் வந்தது என்று சாரதியைக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: “கறுப்புப் புகை ரெண்டு வருசமா இருக்கு. கொதிக்கத் தொடங்கினது போன மழைக்குப் பிறகுதான்.”

புகையைப் பார்க்க வேண்டிய இடம்

கிராண்ட்பாஸ் பாஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் லொறியைப் பார்த்தது காலை எட்டு மணிக்கு, குளிர்ந்த எஞ்சினில், தட்டையான தெருவில், வெறும் பெட்டியோடு. நோய் இருப்பதோ சூடேறிய எஞ்சினில், மூன்று தொன் சுமையோடு, கினிகத்தேனை ஏற்றத்தில். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்தது, அதில் ஒரு நீல ஓரமும் தெரிந்தது. அதை வைத்து அவர் ரிங் என்றார். எந்தப் பழைய டீசல் எஞ்சினை அந்த நேரத்தில் பார்த்தாலும் ரிங் என்றுதான் சொல்லத் தோன்றும்.

நிறங்களைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும், ஆனால் அரைகுறையாகத் தெரியும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஒன்றில் காற்று குறைவு: அடைத்த எயார் பில்டர், வெளியேற வழியில்லாத சைலன்சர். அல்லது டீசல் அதிகம்: டீசலைத் தூவாமல் சொட்டும் நொசில், அளவைக் கூட்டி வைத்த பம்ப். மலைப்பாதைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட எட்டில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவின் 1,868 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தக் காற்றுதான் கிடைக்கும்; பழைய பம்போ கொழும்பில் கொடுத்த அதே டீசலைத்தான் அங்கேயும் கொடுக்கும். ஆகவே மேலே போகப் போகக் கொஞ்சம் கறுப்பது இயல்பு. ஆனால் கித்துல்கலயிலேயே பாதை மறைந்தால் அதற்கு உயரத்தைக் குறைசொல்ல முடியாது.

வெள்ளையில் இரண்டு வகை. கண்ணை எரிக்கிற வெள்ளை எரியாத டீசல். கண்ணை எரிக்காமல் நீராவி மாதிரி, எஞ்சின் நன்றாகச் சூடான பின்னும் விடாமல் வருகிற வெள்ளை தண்ணீர். வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு போனால் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கலாம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது: ரிங், வால்வ் சீல், டர்போ இருந்தால் அதன் சீல்.

எங்கள் லொறியில் மூன்று நிறமும் இருந்தன. காலையில் கண் எரிக்கும் வெள்ளை, ஏற்றத்தில் கறுப்பு, இறக்கத்தில் கால் எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மெல்லிய நீலம். இப்படிக் கலந்து வந்தால் ஒரே காரணத்தைத் தேடுவது வீண்வேலை.

சூடு எப்போது ஏறுகிறது

கொழும்பு ஆமர் வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் எங்கள் முள் அசையாது. இது பெரிய துப்பு. நின்ற இடத்தில் சூடேறினால் காற்றாடி, அதன் பெல்ட், காற்றாடிக் கிளட்ச், காற்றாடியைச் சுற்றியிருக்கும் கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். (அந்தக் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற லொறிகள் எத்தனை! அது அழகுக்கு வைத்தது இல்லை. அது இல்லாவிட்டால் காற்றாடி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, தன்னைச் சுற்றியே கலக்கும்.) ஏற்றத்தில் சுமையோடு மட்டும் சூடேறினால் ரேடியேட்டரால் அவ்வளவு வெப்பத்தை வெளியே விட முடியவில்லை, தண்ணீர் போதிய வேகத்தில் ஓடவில்லை, அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் வெப்பம் உண்டாக்குகிறது.

ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே ரேடியேட்டரில் குமிழி வந்தால் கதை வேறு. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோசைக் கையால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்னமே, ஓரிரு நிமிடத்தில், ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரிலிருந்து காற்று தண்ணீருக்குள் போகிறது. எங்கள் ஹோஸ் மெத்தென்றே இருந்தது. மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டபோதும் குமிழி இல்லை. கேஸ்கெட் சந்தேகம் அப்போதே பாதி போனது.

அப்புறம் கண்டுபிடித்தது இரண்டு. மாமா மனம் நோகாமல் எழுத முயற்சிக்கிறேன்.

ஒன்று, தெர்மோஸ்டாட் இல்லை. “நம்ம நாட்டுச் சூட்டுக்கு அது எதுக்கு” என்று யாரோ கழற்றியிருக்கிறார்கள், மாமாவும் சரி என்றிருக்கிறார். கொழும்பில் பல லொறிகளில் இந்த நிலைதான். இந்த எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு வேலை இரண்டு. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதே நேரம் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பும் வழியை மூடும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பும். தட்டையான பாதையில் சூடேறாது, காலையில் எஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும், வெள்ளைப் புகை நீளும், ஏற்றத்திலோ கொதிக்கும். சூடு குறைய வேண்டும் என்று கழற்றியதே சூட்டுக்கு ஒரு காரணமாகிவிட்டது.

மற்றது எக்ஸோஸ்ட் பிரேக். இறக்கத்தில் சாரதி நெம்புகோலைத் தட்டினால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு தகடு குறுக்கே மூடி எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். மலைப்பாதையில் உயிர் காக்கிற சாமான். எங்கள் லொறியில் அந்தத் தகடு கரி பிடித்து முழுதாகத் திறக்காமல் கால்வாசி மூடியபடியே நின்றிருந்தது. புகை வெளியே போக வழி இல்லை, அதனால் புதுக் காற்று உள்ளே வர இடமில்லை, அதனால் கறுப்பு, இழுவைக் குறைவு, சூடு. ஒரே தகட்டில் மூன்று முறைப்பாடுகள். கீழே படுத்து, ஆள் ஒருவர் சுவிட்சைப் போட, தண்டு முழுத் தூரம் அசைகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். எஞ்சினை இறக்கச் சொன்ன எவரும் அதைப் பார்க்கவில்லை.

இனி விருப்பங்களுக்கு வருவோம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எங்கள் வீட்டு அளவையில் சொல்கிறேன்: எத்தனை ஹட்டன் ட்ரிப்பின் மிச்சக் காசு என்று.

முதலாவது: எஞ்சினைத் திறக்காத வேலை

ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ், பெல்ட், எயார் பில்டர், எக்ஸோஸ்ட் பிரேக் தகடு, நொசில். எல்லாம் சேர்ந்து எங்களுக்கு மூன்று ட்ரிப் காசு, லொறி நின்றது நான்கு நாள்.

செப்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டர் என்றால் மேல் கீழ்த் தொட்டிகளின் ஈயப் பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கம்பி விட்டு உப்பைச் சுரண்டி, திரும்பப் பற்றுவைத்துத் தருவார்கள். எங்களுடையதில் மூன்றிலொரு பங்கு குழாய் முற்றாக அடைத்திருந்தது. ஒரு வருடமாக வழியில் கிடைத்த பீலித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எல்லாம் ஊற்றியதன் பலன். வெளிப்பக்கம் இன்னும் மோசம். தகடுகளுக்கு இடையில் சாக்கு நாரும் தூசும் ஒயிலும் சேர்ந்து ஒரு கம்பளிபோல் இருந்தது. அதை அழுத்தத் தண்ணீரால் அடித்தால் தகடு மடங்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்ல அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் கம்பி விடும் வேலை சரிவராது, மாற்றத்தான் வேண்டும்.

மாமாவின் மூடி நம்பிக்கையிலும் பாதி நியாயம் இருந்தது. ஹட்டன் உயரத்தில் மூடியில்லாத தண்ணீர் 96 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற நல்ல மூடி கடல்மட்டத்தில் அதை 118 பாகை வரைக்கும் தள்ளிப்போடும். ரப்பர் செத்த மூடியோடு மலை ஏறுவது திறந்த பானையோடு ஏறுவது மாதிரி. ஆனால் எஞ்சினின் கைநூல் சொல்லும் அழுத்தத்தில்தான் மூடி வாங்க வேண்டும். கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று பெரிய எண் வாங்கினால் பழைய ரேடியேட்டரின் பற்று விடும். தண்ணீருக்குப் பதில் கூலன்ட் கலவை ஊற்றுங்கள். நமக்குப் பனி உறையும் பயம் இல்லை, துருவுக்காகத்தான் அது.

நொசிலைச் சோதிக்கும் வித்தை பழைய பாஸ்மாருக்கு நன்றாகத் தெரியும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். கெட்டதைத் தளர்த்தினால் சத்தம் மாறாது, புகை குறையும். எங்களுக்கு மூன்றாவதில் புகை நின்றது. (டீசல் பீறும் இடத்துக்கு, துணி சுற்றியிருந்தாலும், கையைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைக்கும். புதுக் கொமன்ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது.) பம்ப் கடையில் மேசையில் பூட்டிக் காட்டினார்கள்: மற்ற மூன்றும் பனிப்புகார் மாதிரி தூவின, மூன்றாவது பிள்ளை மூத்திரம் பெய்வதுபோல் ஒரு தாரை, அப்புறம் சொட்டு. வருடக்கணக்காகச் சொட்டிய டீசல் அந்தச் சிலிண்டரின் ஒயில் படலத்தைக் கழுவிவிட்டு ரிங்கையும் தேய்த்திருக்கும். பாஸ் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

இந்த விருப்பத்தின் குறையையும் சொல்ல வேண்டும். இது எஞ்சினைப் புதிதாக்காது. ரிங் உண்மையிலேயே போயிருந்தால் நீலப் புகை அப்படியே இருக்கும். ஆனாலும் மற்ற எந்த விருப்பத்தை எடுத்தாலும் இந்த வேலையைச் செய்யாமல் தப்ப முடியாது. அதுதான் நான் மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினை அதே அடைத்த ரேடியேட்டருக்குப் பின்னால், அதே மூடிய தகட்டுக்கு முன்னால் வைத்தால் அதுவும் கினிகத்தேனையில் கொதிக்கும். காசு போனது மட்டும் மிச்சம்.

இரண்டாவது: ஹெட்டை இறக்குவது

ஹோஸ் இறுகினால், குமிழி வந்தால், ஒயில் பால்தேநீர் நிறமானால் இதைத் தவிர வழியில்லை. அப்படி எதுவும் இல்லாமல், “எதுக்கும் இறக்கிப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். இறக்கினால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துத் தகடுமானியால் அளக்க வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். லேத் கடையில் சீவினால் மட்டும் போதாது. சில ஜப்பான் எஞ்சின்களுக்குக் கேஸ்கெட் இரண்டு மூன்று தடிப்பில் வரும். பிஸ்டன் எவ்வளவு மேலெழும்புகிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும். கடையில் கைக்கு வந்ததைப் போட்டால் ஒன்றில் பிஸ்டன் முட்டும், அல்லது அமுக்கம் குறைந்து மறுபடி வெள்ளைப் புகை.

மூன்றாவதும் நான்காவதும்: ஓவர்ஹோலா, ஜப்பான் எஞ்சினா

உண்மையான தலையிடி இங்கேதான். இதற்கு முன் ஒரு கருவிக்குக் காசு கொடுங்கள்: சிலிண்டருக்குள் எவ்வளவு அமுக்கம் பிடிக்கிறது என்று காட்டும், டீசலுக்கான அமுக்கமானி. எஞ்சினைச் சூடாக்கி, நொசில்களைக் கழற்றி, பலமான பற்றரியோடு சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த வகை எஞ்சின்கள் நல்ல நிலையில் 25 பாருக்கு மேல் காட்டும். 20க்குக் கீழே இறங்கினால் திறக்கும் காலம் வந்துவிட்டது. சிலிண்டர்களுக்கு இடையில் வித்தியாசம் 4 பாரைத் தாண்டினாலும் அப்படித்தான். எங்களுக்குக் கிடைத்தது 26, 25, 23, 25. மூன்றாவது கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, சாகவில்லை. இந்த நான்கு எண்களைப் பார்த்த பிறகு கிராண்ட்பாஸ் பாஸே, “அப்ப இப்ப தேவையில்லை” என்றார். அந்த நேர்மைக்காக அவரிடமே தொடர்ந்து வேலை கொடுக்கிறோம்.

எண்கள் மோசமாக வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நான் ஓவர்ஹோல் பக்கம், மாமா ஜப்பான் எஞ்சின் பக்கம். இருவருக்கும் காரணம் உண்டு.

மாமாவுக்கு நாள்தான் கணக்கு. ஓவர்ஹோல் என்றால் கிராங்கை லேத்துக்கு அனுப்பி, சிலிண்டரைக் கடைந்து அல்லது புது லைனர் இறக்கி, பிஸ்டன், ரிங், பெயரிங் எல்லாம் தேடிப் பூட்டி முடிய மூன்று வாரம், ஒரு மாதம். அதுவரை புறக்கோட்டைக் கடைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். வேறு லொறி பிடித்துக்கொண்டால் திரும்பி வரவும் மாட்டார்கள். ஜப்பான் எஞ்சின் இரண்டு நாளில் பூட்டி முடியும். நின்ற நாட்களின் நட்டத்தையும் சேர்த்துக் கூட்டினால் மாமா சொன்னது மலிவாகத்தான் வருகிறது.

என் பயம் வேறு. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் என்று சொல்லி விற்பதைப் பெரும்பாலும் யாரும் திறந்து புதுப்பித்தது கிடையாது. ஜப்பானில் கழித்த வாகனத்திலிருந்து கழற்றியதுதான். அங்கே பழைய டீசல் லொறிகளுக்கு நெருக்கடி வந்து நாளாகிவிட்டது. டோக்கியோவும் பக்கத்து மாகாணங்களும் 2003 ஒக்டோபரிலேயே புகை அளவு தாண்டிய டீசல் வாகனங்களுக்குக் கதவடைத்துவிட்டன. ஆகவே இன்றைக்கு இந்த வகை எஞ்சின் ஒன்று வந்து இறங்கினால் அது எங்கள் லொறியின் எஞ்சினுக்குத் தம்பியாக இருக்கும், பேரனாக இருக்காது. எந்த நிலையில் இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும், திறக்க விடமாட்டார்கள். ஓவர்ஹோலில் குறைந்தபட்சம் எது புதிது எது பழையது என்று எனக்குப் பட்டியல் இருக்கும்.

எடுப்பதென்றே முடிவானால் கடையின் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அமுக்கமானியை நீங்களே கொண்டுபோங்கள். ஒயில் மூடியைத் திறந்து கரிச்சேறு இருக்கிறதா பாருங்கள். மூடியைத் தளர்வாக வைத்தால் அது துள்ளுகிறதா, புகை குபுகுபுவென்று வருகிறதா பாருங்கள். தண்ணீர் போகும் வாய்க்குள் விரல் விட்டால் துரு தெரியும். பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ விலைக்குள் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். எங்களுக்குச் சொன்ன விலையில் பம்ப் இல்லை, அது தனி. “பூட்டி ஸ்டார்ட் பண்ற வரைக்கும் கேரண்டி” என்பது கேரண்டி இல்லை. மலை ஏறி இறங்கும் வரைக்கும் என்று எழுதி வாங்க முடியுமா பாருங்கள். எஞ்சின் இலக்கம் தெளிவாக இருக்கிறதா என்பதும், அதற்கான இறக்குமதிப் பத்திரமும் பற்றுச்சீட்டும் தருவார்களா என்பதும் இன்னும் முக்கியம். எஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைத் திருத்திப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு, விற்கப் போகும் நாளில் அந்தத் திணைக்களத்துக்காக நாரஹேன்பிட்டிக்கு அலைந்தவர்களை எங்கள் குடும்பத்திலேயே காட்டலாம். பூட்டும் முன், எஞ்சின் வெளியே இருக்கும்போதே, பின்சீல், தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு கை போகாது.

ஐந்தாவது: விற்பது

மச்சானின் யோசனை பத்து வருடத்துக்கு முன்னர் என்றால் சரியாக இருந்திருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி முழுதாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரைக்கும் போனது. திறந்த பின்னும் வரியோடு சேர்த்து லொறி விலை கேட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும். புகைக்கும் லொறியை இருக்கிறபடி விற்றால் வாங்குகிறவர் முழு எஞ்சின் விலையையும் கழித்துத்தான் கேட்பார், குறை மூன்று ட்ரிப் காசில் முடியக்கூடியதாக இருந்தாலும். வாங்கப்போகும் பழைய லொறியோ இன்னொருவரின் கினிகத்தேனை. நம் லொறியின் நோய் நமக்குத் தெரியும், அதன் நோய் தெரியாது. செஸி துருப்பிடித்து, கெபின் தளர்ந்து, எஞ்சினும் 20 பாருக்குக் கீழே என்றால் மட்டும் விற்பதை யோசிக்கலாம்.

ஆறாவதாக ஒன்று உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மேற்கு மாகாணத்தில் 2008இல் புகைப் பரிசோதனை வந்ததிலிருந்து இருப்பது: பரிசோதனைக்குப் போகும் நாளில் பம்பின் திருகைக் குறைத்து வைப்பது, சான்றிதழ் எடுத்ததும் கூட்டி வைப்பது. எங்களிடமும் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கூட்டி வைத்த அந்தத் திருகுதான் பல லொறிகளை மலையில் கொதிக்க வைக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பம்பும் முன்னர் எவராலோ கூட்டப்பட்டிருந்தது. பம்ப் கடையில் மேசையில் ஏற்றி அளவுக்குக் கொண்டுவந்தபோது மாமா, இழுவை குறைந்துவிடும் என்று சண்டை போட்டார். தகடு திறந்த பிறகு குறைந்த மாதிரித் தெரியவில்லை என்று இப்போது அவரே ஒத்துக்கொள்கிறார்.

கடைசியில் முதலாவது வேலையோடு நின்றுவிட்டோம். புகைப் பரிசோதனைக்கு எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோனோம், முதல் தடவையிலேயே தேறியது. அதற்கடுத்த ட்ரிப்பில் நானும் ஏறிக்கொண்டேன். கினிகத்தேனையில் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பின்னால் பஸ்காரர் அப்போதும் ஹோர்ன் அடித்தார். புகைக்கு இல்லை, மாமா மெல்லப் போனதற்கு.

கிளீனர் தம்பியிடம் ஒரு விஷயம் மட்டும் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறோம். எப்போதாவது மறுபடி கொதித்தால் மூடியைத் திறக்கவும் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. ஒரு வருடமாக அவன் அப்படி ஊற்றியும் ஹெட் வெடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். சுமை இல்லாமல் மெதுவாக ஓடவிட்டு, சூடு இறங்கியபின் நிறுத்தி, நன்றாக ஆறியதும் துணி போட்டுத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

நீலப் புகை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதற்காக லொறிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒயில் கணக்கு தொடங்கியிருக்கிறேன். ஹட்டன் போய்வர நான்கு ட்ரிப் என்றால் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். இப்போது அதற்கு முக்கால் லீட்டர் குறைகிறது. ஒன்றரையைத் தொட்டால் அமுக்கமானியை மறுபடி வைப்போம், எண்கள் விழுந்திருந்தால் ஓவர்ஹோல். மாமா அதற்கும் தலையாட்டிவிட்டார், ஒரு நிபந்தனையோடு: சித்திரை வருடப்பிறப்பு ஹயர் எல்லாம் முடிந்த பிறகு.